முழங்கால் வலிக்குக் கரண்ட் வைப்பது: டென்ஸ் கருவியால் ஆவதும் ஆகாததும்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு மாத்திரை பார்த்தாகிவிட்டது, தைலம் பார்த்தாகிவிட்டது, முழங்கால் உறையும் மாட்டிப் பார்த்தாகிவிட்டது. அதற்கப்புறம் பலர் வந்து நிற்கும் இடம் ‘கரண்ட் வைப்பது’. பிசியோதெரபி அறையில் படுக்கவைத்து, முழங்காலைச் சுற்றி நாலு பட்டைகளை ஒட்டி, அரை மணி நேரம் மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். இன்று அதே வேலையைச் செய்யும் கையடக்கக் கருவிகள் வீட்டுக்கே வந்துவிட்டன. டென்ஸ் என்று அவற்றைச் சொல்கிறார்கள். தோலின் மேல் ஒட்டிய பட்டைகள் வழியாக அடியில் ஓடும் நரம்புகளை மின்துடிப்புகளால் தூண்டுவதுதான் அவற்றின் வேலை.

நல்லா கேட்கிறது என்று ஒருவர் சொல்வார். பத்து நாள் வைத்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இன்னொருவர் சொல்வார். ஆய்வுகளைப் புரட்டினாலும் இதே இழுபறிதான். இரண்டு பக்கத்தாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது வலி குறைகிறதா என்பது ஒரு கேள்வி. சில வாரம் வைத்தபின் முழங்கால் முன்னைவிட நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய பணமும் பொறுமையும் வீணாகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகம் முழுவதும் சுமார் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அதில் 36.5 கோடிப் பேருக்குப் பாதிக்கப்பட்ட மூட்டு முழங்கால். இவர்களில் பெரும்பாலோருக்கு உடனே அறுவை சிகிச்சை தேவைப்படாது, ஆனால் வலி தினமும் இருக்கும். வலி மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, இதயத்துக்குச் சிக்கல் என்று ஒவ்வொன்றாக வரும் ஆபத்து உண்டு. மாத்திரை இல்லாத ஒரு வழியை மக்கள் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

வலி எங்கிருந்து வருகிறது

டென்ஸ் எதைத் தொடுகிறது என்று புரிய வேண்டுமானால், தேய்ந்த முழங்காலில் வலிப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும். தேய்வது குருத்தெலும்பு. ஆனால் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, அதனால் அதற்கு வலிக்காது. வலி கிளம்புவது அதன் அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டின் உள்சவ்வு வீங்குவதிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள உறை, தசைநார், முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்தும். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி சுருங்கிப்போன சிலர் சாதாரணமாகப் படியேறுவதும், படம் ஓரளவு நன்றாக இருக்கும் சிலர் வலியில் துடிப்பதும் இதனால்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. மாதக்கணக்கில் வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால், அதை வாங்கும் தண்டுவடமும் மூளையும் மேலும் மேலும் கூர்மையாகிவிடுகின்றன. லேசாக அழுத்தினால்கூட வலிக்கும். முழங்காலைத் தாண்டித் தொடையும் கணுக்காலும்கூட நோகும். ஆக வலி என்பது மூட்டும் நரம்பு மண்டலமும் சேர்ந்து உண்டாக்குவது. டென்ஸ் கை வைப்பது இதில் இரண்டாவது பாதியில் மட்டும். மூட்டை அது தொடுவதே இல்லை. குருத்தெலும்பை வளர்க்கும், தேய்மானத்தைத் தடுக்கும் என்று யாராவது இந்தக் கருவியை விற்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மீனில் தொடங்கி மின்கலம் வரை

வலிக்கு மின்சாரம் வைப்பது மின்சாரம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தீராத தலைவலிக்கும் பாதத்தில் வரும் கீல்வாத வலிக்கும் உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். மரத்துப்போகும் வரை வைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முறை.

அது ஏன் வேலை செய்யலாம் என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது 1965இல்தான். ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயிற்கதவு இருப்பதாகச் சொன்னார்கள். வலியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் மெல்லியவை, தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் இழைகள் தடித்தவை. இரண்டும் தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரே வட்டாரத்தில் வந்து சேர்கின்றன. தடித்த இழைகளில் செய்தி நிறைய வந்தால், மெல்லிய இழைகளின் செய்தி மேலே போவது தடைபடுகிறது. மேசைக் காலில் இடித்துக்கொண்டதும் நம் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்க்கப் போகிறதே, அதுவும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

தேய்ப்பதற்குப் பதில் மின்துடிப்பால் அந்தத் தடித்த இழைகளைத் தூண்டினால் என்ன? 1967இல் வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பியல் அறுவை நிபுணரும் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்தபின், நாள்பட்ட வலியுள்ள சில நோயாளிகளின் நரம்புகளைத் தூண்டினார்கள். தூண்டலை நிறுத்திய பிறகும் சிலருக்குக் கொஞ்ச நேரம் வலி இல்லாமல் இருந்தது. அதே காலத்தில் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க மருத்துவர் தண்டுவடத்தின் பின்புறம் மின்முனைகளைப் பதித்து வலியைக் குறைக்க முயன்றுகொண்டிருந்தார். யாருக்கு அந்த அறுவை பலிக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்காகத் தோலுக்கு மேலேயே மின்சாரம் வைத்துச் சோதித்தபோது, சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இன்றைய டென்ஸ் கருவி அந்தச் சோதனைக் கருவியின் வாரிசு.

கதவுக் கோட்பாடு மட்டும் முழு விளக்கம் ஆகாது. பின்னால் வந்த ஆய்வுகள், முக்கியமாகக் கேத்லீன் ஸ்லூக்கா என்ற அமெரிக்கப் பிசியோதெரபி ஆய்வாளரின் குழு செய்தவை, இன்னொரு பாதையைக் காட்டின. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் வலியடக்கும் பாதை ஒன்று இருக்கிறது. உடலே சுரக்கும் ஓபியாய்டுகளால், அதாவது மார்ஃபின் போன்ற வலியடக்கும் பொருள்களால், அது இயங்குகிறது. டென்ஸ் அதையும் எழுப்பிவிடுகிறது. விலங்குகளில் அந்த ஓபியாய்டுகள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டால் டென்ஸின் பலனும் மறைந்துபோகிறது. சுவாரசியம் என்னவென்றால், நொடிக்கு நாலைந்து துடிப்பு கொடுக்கும் குறைந்த அதிர்வெண் ஒரு வகை ஏற்பியையும், நொடிக்கு நூறு துடிப்பு கொடுக்கும் உயர் அதிர்வெண் வேறொரு வகை ஏற்பியையும் பயன்படுத்துகின்றன. குறைந்த அதிர்வெண் நம்பியிருக்கும் ஏற்பி மார்ஃபின் வேலை செய்யும் அதே ஏற்பி. அதனால் நீண்ட நாளாக ஓபியாய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த வகை டென்ஸ் அவ்வளவாகப் பிடிபடாமல் போகலாம்.

இதே காரணத்தால் உடல் அதற்குப் பழகியும்விடுகிறது. ஒரே அதிர்வெண், ஒரே அளவு என்று தினமும் வைத்தால் நாலைந்து நாளில் பலன் மங்குவதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதிர்வெண்ணை மாற்றி மாற்றி வைப்பது, அளவைக் கொஞ்சம் கூட்டுவது ஆகியவை இதைத் தள்ளிப்போட உதவுகின்றன. ‘முதல் வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் ஒன்றுமில்லை’ என்பவர்களின் அனுபவத்துக்குப் பின்னால் இது இருக்கக்கூடும்.

ஒட்டுவதிலும் கூட்டுவதிலும் இருக்கிறது பாதி

கருவியை எப்படி வைக்கிறோம் என்பதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, எண்ணெயோ தைலமோ இல்லாத தோலில்தான் பட்டை ஒட்ட வேண்டும். ரோமம் அதிகமாக இருந்தால் கத்தரிக்கோலால் குறைக்கலாம். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் மின்சாரம் பட்டு எரியும். வழக்கமாக நாலு பட்டை: முழங்கால் சிப்பிக்கு மேலே இரு பக்கமும் ஒவ்வொன்று, கீழே இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு கம்பியின் இரண்டு முனைகளையும் குறுக்காக, அதாவது மேலே இடது, கீழே வலது என்று போட்டால் மின்சாரம் மூட்டின் குறுக்கே போகும். பட்டைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. சிப்பியின் மேலேயே ஒட்டுவதால் பயனில்லை, அங்கே தோலுக்கு அடியில் எலும்புதான் இருக்கிறது.

பிறகு குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் எறும்பு ஊறுவதுபோல் இருக்கும். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தவே கூடாத இடம் இதுதான். இன்னும் கூட்டினால் அந்த ஊறல் பலமான, ஆனால் வலிக்காத ஒரு அதிர்வாக மாறும். ‘பலமாக இருக்கிறது, ஆனால் தாங்கிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் அளவுதான் சரியான அளவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வலித்தால் குறைத்துவிட வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் தோலுக்குப் பழகி உணர்வு மங்கும், அப்போது மறுபடி ஒரு படி கூட்ட வேண்டும். உணர்ந்தும் உணராததுமாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது, கருவியை அணைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

பட்டையின் பசை காய்ந்துபோனால் தூக்கிப்போடத் தயங்கக் கூடாது. காய்ந்த பட்டையில் மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து சுருக்கென்று குத்தும். கழற்றும்போது முதலில் கருவியை அணைத்துவிட வேண்டும்.

காப்பி குடிப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: 1995இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 200 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கு டென்ஸின் வலியடக்கும் பலன் குறைந்தது. ஒரே ஆய்வை வைத்துக் காப்பியை விடச் சொல்ல மாட்டேன், ஆனால் கருவி வைப்பதற்கு முன் குடிப்பதைத் தள்ளிப்போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆய்வுகள் ஏன் ஒத்துப்போவதில்லை

காக்ரேன் அமைப்பு என்பது மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் உலகளாவிய அமைப்பு. முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் பற்றி 2000இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு சாதகமாக இருந்தது. 2009இல் அதையே புதுப்பித்தபோது பின்வாங்கினார்கள். மற்ற மின்தூண்டல் முறைகளையும் சேர்த்து 18 ஆய்வுகள், மொத்தம் 813 நோயாளிகள். ஆய்வுகள் சிறியவை, தரம் குறைந்தவை, அதனால் பலன் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். சிறிய ஆய்வுகளில்தான் பலன் பெரிதாகத் தெரிந்தது, ஆய்வு பெரிதாக ஆகச் சுருங்கியது என்பதும் அதில் தெரிந்தது. மருத்துவ ஆய்வுகளில் இது எச்சரிக்கை மணி.

அதற்கப்புறம் ஒழுங்காக வடிவமைத்த பெரிய ஆய்வுகள் வந்தன. 2014இல் பிரிட்டனில் 224 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் முழங்கால் பற்றிய விளக்கமும் உடற்பயிற்சியும் உண்டு. ஒரு குழுவுக்குக் கூடவே உண்மையான டென்ஸ், இன்னொரு குழுவுக்கு மின்சாரம் வராத போலிக் கருவி, மூன்றாவது குழுவுக்குக் கருவியே இல்லை. மூன்று குழுவும் முன்னேறின. கருவியால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2022இல் வெளியான இன்னொரு ஆய்வு, 220 பேரை வைத்து நடந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசம் இல்லை.

இதோடு நிறுத்தினால் விஷயம் முடிந்தது எனலாம். ஆனால் அதே 2022இல் வெளியான இன்னொரு பெரிய தொகுப்பு, முழங்காலோடு நிற்காமல் எல்லா வகை வலிக்கும் டென்ஸை வைத்த 381 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி போலிக் கருவியைவிட அதிகம் குறைகிறது என்பதற்கு அதில் ஓரளவு நம்பகமான ஆதாரம் கிடைத்தது.

இரண்டு முடிவும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது. முந்தைய ஆய்வுகள் கேட்டது, சில வாரங்களில் இவருடைய முழங்கால் வலி பொதுவாகக் குறைந்ததா என்று. பிந்தையது கேட்டது, கருவி வைத்திருக்கும் அந்த நேரத்தில் என்ன ஆயிற்று என்று. தலைவலி மாத்திரையைச் சோதிக்கும்போது யாரும் மூன்று வாரம் கழித்துத் தலை எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை.

எப்போது அளக்கிறோம் என்பதோடு எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். உட்கார்ந்திருக்கும்போது வரும் வலி, எழுந்து நடக்கும்போது வரும் வலி, முழங்காலை அழுத்தினால் வரும் வலி எல்லாம் ஒன்றல்ல. 2012இல் 75 முழங்கால் தேய்மான நோயாளிகளிடம் ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்த ஆய்வில், உண்மையான டென்ஸ் வைத்தவர்களின் முழங்கால் முன்னைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கியது. அதே நேரத்தில், ஓய்வில் இருக்கும்போது வலிப்பதாகச் சொன்ன அளவு போலிக் கருவி வைத்தவர்களுக்கும் அதே மாதிரி குறைந்தது. நம்பிக்கையின் பலம் இதில் அவ்வளவு பெரியது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே கருவியின் உண்மையான பங்கு, முழங்காலைப் பொறுத்தவரை அது பெரிதாக இல்லை.

நடக்கும்போது வைத்துக்கொண்டால் பலன் கூடுமா என்பதற்கு வேறொரு நோயிலிருந்து ஒரு குறிப்பு கிடைக்கிறது. உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 301 பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அசையும்போது கருவியை ஓடவிட்டவர்களுக்கு அசையும்போது வரும் வலி போலிக் கருவியைவிட நன்றாகக் குறைந்தது. முழங்கால் தேய்மானமும் அசைந்தால் வலிக்கும் நோய்தான். படுக்கவைத்துக் கரண்ட் வைத்துவிட்டு, பட்டைகளைக் கழற்றிய பிறகு வீட்டுக்கு நடந்துபோகச் சொல்வது தலைகீழான முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

வழிகாட்டுதல்கள் இப்போது எங்கே நிற்கின்றன? பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2014இல் டென்ஸைத் துணைச் சிகிச்சையாகப் பரிசீலிக்கலாம் என்றது, 2022இல் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் முழங்கால், இடுப்பு இரண்டுக்குமே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. அமெரிக்க எலும்பு அறுவை நிபுணர்கள் 2021இல், ஆதாரம் குறைவுதான், வலிக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றார்கள். பொதுப்பணத்தைச் செலவழிக்கும் ஓர் அமைப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தது சரியே. அந்தப் பணம் பயிற்சி வகுப்புக்கும் எடை குறைக்கும் திட்டத்துக்கும் போனால் அதிகம் பேர் பயனடைவார்கள். ஆனால் ஏற்கெனவே வீட்டில் ஒரு கருவி இருக்கிறது, வைத்தால் இதமாக இருக்கிறது என்பவரிடம் அதைப் பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை.

கிடைக்கும் அந்த நேரத்தை என்ன செய்வது

முழங்கால் தேய்மானத்தில் நிலைத்த பலன் தருவது உடற்பயிற்சி, எடை அதிகமாக இருந்தால் குறைப்பது. இதில் எல்லா வழிகாட்டுதல்களும் ஒரே குரல். ஆனால் வலிக்கிற முழங்காலோடு பயிற்சியைத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும். போதாததற்கு, வலியும் வீக்கமும் உள்ள மூட்டு முன்தொடைத் தசையை முழுசாக வேலை செய்யவிடாமல் நரம்பு வழியாகவே அடக்கி வைக்கிறது. தசை மெலிகிறது, மூட்டுக்குப் பாரம் கூடுகிறது, வலி ஏறுகிறது, ஆள் இன்னும் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்.

டென்ஸ் அந்த அடக்கலை விடுவிக்கும் என்று சிறிய ஆரம்ப ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பின்னால் வந்த பெரிய ஆய்வில் பயிற்சிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அதாவது பயிற்சி செய்ய முடிகிறவருக்குக் கருவி தேவையில்லை. வலியால் பயிற்சியைத் தொடங்கவே முடியாமல் தவிப்பவருக்கு, முதல் சில வாரங்கள் கருவியை ஓடவிட்டபடியே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் சின்ன நடையையும் தொடங்கிவைக்க அது உதவலாம். இது ஆய்வு நிரூபித்த முடிவல்ல, எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் வந்து நிற்கும் இடம். பயிற்சி பழகிய பிறகு கருவியை ஓரமாக வைத்துவிடலாம்.

கடையில் இதோடு குழம்பிப்போகும் கருவிகளும் உண்டு. தசையைச் சுருக்கி விரிக்கும் ஈ.எம்.எஸ். கருவி தசையைப் பலப்படுத்த வந்தது. பிசியோதெரபி அறையில் இருக்கும் பெரிய பெட்டி பெரும்பாலும் ஐ.எஃப்.டி.; சற்றே வேறுபட்ட அதிர்வெண் கொண்ட இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்கே விட்டு ஆழத்தில் தூண்டும் முறை அது. அதற்கும் முழங்காலில் ஆதாரம் டென்ஸைவிடத் திடமாக இல்லை.

இதயத்தில் பேஸ்மேக்கரோ, மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியோ பொருத்தியவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் டென்ஸைத் தொடவே கூடாது. காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருப்பவர்கள், அந்த இடத்தில் புற்றுநோய் உள்ளவர்கள், தோலில் புண் உள்ளவர்கள் வைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். எவ்வளவு கூட்டினோம் என்றே தெரியாமல் தோல் புண்ணாகிவிடும். முழங்காலுக்கு என்று வாங்கிய கருவியைக் கழுத்தின் முன்பக்கம், தலை, நெஞ்சுக்குக் குறுக்கே என்று மற்ற இடங்களில் வைத்துப் பார்க்கக் கூடாது. வண்டி ஓட்டும்போதும் குளிக்கும்போதும் தூங்கும்போதும் வேண்டாம். செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கு இது அடியோடு தடை இல்லை, ஆனால் அறுவை செய்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலிக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை போதும். முடிந்தால் கருவியை வாங்காமல் பிசியோதெரபிஸ்டிடம் இரவல் கேளுங்கள். வைப்பதற்கு முன் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். கருவி ஓடும்போதே மறுபடி அதையே செய்து எழுதுங்கள். இரண்டு வாரத்தில் எண் இரண்டு புள்ளியாவது தொடர்ந்து இறங்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அது இந்தக் கருவிக்கான வலி இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.